30,000 ரூபாய் ஹெட்போனும் தேவகோட்டை பஸ்ஸும்

தம்பி ஒருவர் கேட்டிருப்பது இது. தேவகோட்டையில் வீடு, காரைக்குடியில் வேலை, தினமும் பஸ். முதல் போனஸில் சோனி டபிள்யூஎச்-1000எக்ஸ்எம்5 வாங்கிவிட்டார். 30,000 ரூபாய்க்குக் கொஞ்சம் முன்னே பின்னே. ஆபீசில் ஹெட்போன் விஷயம் தெரிந்த ஒருவர் அதைக் கையில் வாங்கிக்கூடப் பார்க்காமல், "இதெல்லாம் ஹெட்போன்ல சேத்தியே இல்ல, பாஸ் டப்பா. சென்ஹைசர் எச்டி 600 கேட்டுப் பாருங்க, அப்புறம் பேசுவோம்" என்றிருக்கிறார். பாஸ் என்றால் கீழ்ச்சத்தம். வீட்டில் ஐயா, "பஸ்ஸுல போறவனுக்கு எதுக்கப்பா இந்தப் பகட்டு" என்கிறார். பஸ்ஸில் ஏறினால் எல்லோரும் தன் தலையையே பார்ப்பதுபோல இவருக்குக் கூச்சம். அதை வீட்டோடு வைத்துக்கொண்டு, பஸ்ஸுக்கு 500 ரூபாயில் ஒரு ஒயர் ஹெட்போன் வாங்கிக்கொள்ளட்டுமா என்று கேட்கிறார்.

தலைகீழாகச் செய்யுங்கள் தம்பி. அந்த 30,000 ரூபாய் ஹெட்போன் பஸ்ஸுக்கு. ஒயர் வீட்டுக்கு.

நான் காரைக்குடியில் இருபத்திரண்டு வருஷமாக ரேடியோ, ஆம்ப்ளிபயர், மைக் செட் பழுது பார்க்கிறவன். ஹெட்போன் என் தனிப் பைத்தியம். வீட்டில் பதினோரு ஹெட்போன் இருக்கிறது, வீட்டம்மாவுக்குத் தெரிந்து ஏழு. உங்கள் ஆபீஸ் நண்பர் பேசியதைப் போல நானும் ஒரு காலத்தில் பேசித் திரிந்திருக்கிறேன். அதனால் அவர் மேல் கோபம் இல்லை.

நீங்கள் பணம் கொடுத்தது எதற்கு என்பதை முதலில் பார்ப்போம். அந்த ஹெட்போனின் உள்ளே பாட்டுப் பாடும் பகுதிக்குப் போன செலவு சின்னப் பங்குதான். எட்டு மைக்ரோபோன், வெளிச் சத்தத்தைக் கேட்டுக் கணக்குப் போடும் சிப்பு, பேட்டரி, புளூடூத், 250 கிராமுக்குள் அத்தனையையும் அடக்கின வேலை, விளம்பரம், வரி, கடைக்காரர் லாபம் எல்லாம் அந்த விலையில் உண்டு. அதில் பெரிய சரக்கு, இரைச்சலை அடக்கும் வேலை. தேவகோட்டை ரஸ்தாவைத் தாண்டும்போது பஸ் எஞ்சின் போடும் "உர்ர்" இருக்கிறதே, அதை விழுங்குவதற்குத்தான் அந்தப் பணம். அமைதியான வீட்டில் அதைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தால், மழை இல்லாத நாளில் குடை பிடித்த கதை.

இந்த வித்தை எப்படி வந்தது என்பது சுவாரசியமான கதை. அமர் போஸ் என்று ஒருவர். அப்பா வங்காளத்துச் சுதந்திரப் போராட்டக்காரர், அமெரிக்காவுக்குப் போனவர். மகன் அங்கே எம்ஐடியில் பேராசிரியர், போஸ் கம்பெனியை ஆரம்பித்தவரும் அவர்தான். 1978இல் சூரிக்கிலிருந்து பாஸ்டனுக்கு விமானத்தில் போகும்போது பயணிகளுக்குக் கொடுத்த ஹெட்போனை மாட்டியிருக்கிறார். எஞ்சின் இரைச்சலில் பாட்டு ஒன்றும் தேறவில்லை. அந்த விமானத்திலேயே காகிதத்தை எடுத்து, இரைச்சலை இரைச்சலாலேயே கழிக்க முடியுமா என்று கணக்குப் போட ஆரம்பித்தார். விமானிகளுக்கான ஹெட்செட்டாக அது கடைக்கு வந்தது 1989இல். நம்மைப் போன்றவர்கள் வாங்கும்படி வந்தது 2000இல். ஆக, இந்தச் சாதனம் பிறந்ததே பயணத்துக்காகத்தான். வேடிக்கை என்னவென்றால், ஹெட்போன் ரசிகர்கள் கூடும் இடத்தில் அதிகம் கிண்டலுக்கு ஆளாகும் பெயர்களில் ஒன்று போஸ்.

வேலை செய்கிற விதம் எளிது. வெளியே இருக்கும் மைக், வரும் சத்தத்தின் அலையைப் பார்க்கிறது. மேடு வரும் இடத்தில் பள்ளமாக, பள்ளம் வரும் இடத்தில் மேடாக இன்னொரு அலையைச் சிப்பு உண்டாக்கி உள்ளே விடுகிறது. இரண்டும் சேர்ந்தால் சமதளம். ஆனால் இது எல்லாச் சத்தத்துக்கும் பலிக்காது. 100 ஹெர்ட்ஸ் எஞ்சின் உறுமலின் ஒரு அலை கிட்டத்தட்ட மூன்றரை மீட்டர் நீளம். அதற்கு ஈடுகொடுக்க நிதானமாக நேரம் கிடைக்கும். 3,000 ஹெர்ட்ஸ் சத்தத்தின் அலை பதினோரு சென்டிமீட்டர் சொச்சம்தான். இம்மி தவறினாலும் கழியாது. அதனால்தான் எஞ்சின் மறைந்துவிடும், கண்டக்டர் விசில் மறையாது. பின் சீட்டில் சம்பந்தம் பேசிக்கொண்டு வருகிறவர்களின் குரல் முன்னைவிடத் தெளிவாகவே கேட்கும். இதைச் சொல்லாமல் விற்கிற கடைக்காரர்களால், "இரைச்சல் போகவே இல்லண்ணே, சர்வீஸ் பண்ணிக் கொடுங்க" என்று என்னிடம் வந்தவர்கள் பல பேர்.

நம் ஊருக்கென்று ஒரு குறை உண்டு. ஜன்னல் ஓரம் உட்காராதீர்கள். காற்று நேராக வெளி மைக்கில் அடித்தால், அந்தக் காற்றையும் இரைச்சல் என்று நினைத்து அது தடுமாறும்; காதுக்குள் "படபட" என்று வரும். விமானத்துக்கு ஜன்னலைத் திறக்கிற பழக்கம் இல்லை பாருங்கள். நடுப்பக்கச் சீட்டு உத்தமம். கண்ணாடி போடுகிறவராக இருந்தால், கண்ணாடிக் காம்பு காதோரம் மெத்தையைத் தூக்கிவிடும். அந்த இடுக்கு வழியாகப் பாஸ் வெளியே போகும், இரைச்சல் உள்ளே வரும். மெல்லிய காம்பாக இருந்தால் தொந்தரவு குறைவு.

இதில் பகட்டைத் தாண்டி ஒரு விஷயம் இருக்கிறது, ஐயாவிடம் இதைச் சொல்லுங்கள். 500 ரூபாய் ஒயரைப் பஸ்ஸில் மாட்டினால் என்ன செய்வீர்கள்? எஞ்சின் சத்தத்துக்கு மேலே பாட்டுக் கேட்க வேண்டும் என்று வால்யூமை ஏற்றுவீர்கள். உலக சுகாதார நிறுவனம் சொல்லும் கணக்கு, 80 டெசிபல் என்றால் வாரத்துக்கு 40 மணி நேரம் கேட்கலாம். 90 டெசிபல் என்றால் வாரத்துக்கே 4 மணி நேரம்தான். மூன்று டெசிபல் கூடினால் நேரம் பாதியாகிவிடும். போகவர ஒரு மணி நேரப் பயணம், வாரம் ஆறு நாள் என்று வைத்துக்கொண்டால், ஏற்றி வைத்த வால்யூமில் அந்த 4 மணி நேரம் வியாழக்கிழமையோடு முடிந்துவிடும். மைக் செட் தொழிலில் என்னோடு இருந்தவர்களில் ஐம்பது வயதுக்குள் "என்ன, என்ன" என்று கேட்க ஆரம்பித்தவர்கள் உண்டு. காதுக்குள் இருக்கும் நுண்மயிர் உயிரணுக்கள் போனால் போனதுதான், திரும்ப முளைக்காது. இரைச்சலை அடக்கும் ஹெட்போன் பாதி வால்யூமிலேயே பாட்டைக் கேட்க வைக்கிறது.

சரி, இப்போது உங்கள் ஆபீஸ் நண்பர்.

எச்டி 600 பற்றி அவர் சொன்னது நிஜம். 1997இல் வந்த ஹெட்போன், கால் நூற்றாண்டு தாண்டியும் விற்கிறது, குரலுக்கு அதைப் போல் ஒன்று இன்றைக்கும் அபூர்வம். ஆனால் அது திறந்த முதுகு ஹெட்போன். கூட்டின் பின்பக்கம் வெறும் கம்பி வலை. உள்ளே பாடுவது வெளியே கேட்கும், வெளியே கத்துவது உள்ளே வரும். மின்தடை 300 ஓம், சாதாரணப் போன் அதைத் தூக்கிப் பிடிக்கத் திணறும், கூடவே ஒரு ஆம்ப்ளிபயர் வேண்டும். அதைப் பஸ்ஸில் போட்டால் என்ன ஆகும் என்று எனக்குச் சொந்த அனுபவம் உண்டு. பல வருஷத்துக்கு முன்னால், புத்தி வராத நாளில், பல்லவன் எக்ஸ்பிரஸில் சென்னைக்குப் போகும்போது அதை மாட்டிக்கொண்டு, மடியில் ஆம்ப்ளிபயர் டப்பாவை வைத்துக்கொண்டு கண்ணை மூடி உட்கார்ந்திருந்தேன். திருச்சி வரும்வரை பொறுத்த எதிர் சீட்டு ஆச்சி முழங்காலில் தட்டினார். "தம்பி, அரைகுறையா கேக்குது. ஒண்ணு எங்களுக்கும் கேக்குற மாதிரி வைங்க, இல்லாட்டி நிப்பாட்டுங்க" என்றார். அதைவிட நேர்மையான விமர்சனம் இதுவரை எந்த ஹெட்போனுக்கும் நான் படித்ததில்லை. அன்றைக்குப் பெட்டிக்குள் வைத்தது, பிறகு அது வீட்டை விட்டு வெளியே வந்ததில்லை.

வீட்டில் அதற்கு ஒரு நேரம் உண்டு. மதியம் இரண்டு மணி, தெரு அடங்கி, பட்டாலைத் திண்ணையில் தலைக்கு ஒரு பலகையை வைத்துப் படுத்துக்கொண்டு, வீணை ஒன்றைப் போட்டால், மீட்டின பிறகு நாதம் எப்படித் தேய்ந்து அடங்குகிறது என்று அந்த வால் முனை வரை கேட்கலாம். பஸ்ஸில் அந்த வாலை எஞ்சின் தின்றுவிடும். உங்கள் நண்பர் மறந்தது இதைத்தான். இடம் தெரியாமல் சொன்ன உண்மை அது.

"பாஸ் டப்பா" என்றதிலும் கொஞ்சம் உண்மை இருக்கிறது. உங்கள் ஹெட்போனை அட்டையைப் பிரித்தவுடன் கேட்டால் கீழ்ச்சத்தம் தடிப்பாகத்தான் இருக்கும், மிருதங்கத்தின் தொப்பிச் சத்தம் குரலின் மேல் ஏறி உட்காரும். ஆனால் சோனியின் ஆப்பிலேயே, கீழ்ச்சத்தம் மேல்சத்தத்தைத் தனித்தனியே கூட்டிக் குறைக்கும் ஈக்வலைசர் இருக்கிறது. அதில் கிளியர் பாஸ் என்பதை இரண்டு மூன்று புள்ளி இறக்குங்கள், குரல் முன்னே வரும். காசு கிடையாது. இரண்டு நிமிஷ வேலை. அதைச் செய்து பார்க்காமல் "டப்பா" என்று சொல்கிறவர் காதால் சொல்லவில்லை.

ஹெட்போன் பிரியர்களின் உலகத்தில் இந்த மேட்டிமை ஒரு ஏணி மாதிரி. போட் பிராண்டு ஹெட்போன் வைத்திருப்பவரைச் சோனிக்காரர் பார்த்துச் சிரிப்பார். சோனிக்காரரைச் சென்ஹைசர்க்காரர். அவரைப் பார்த்துச் சிரிக்க, லட்ச ரூபாய்க்கு மேல் வாங்கின ஒருவர் இருப்பார். அதற்கும் மேலே சென்ஹைசரே செய்த எச்ஈ 1 என்று பளிங்கு மேடையில் கண்ணாடி வால்வு வைத்த ஒன்று, 50,000 யூரோவுக்கு மேல். அதை வைத்திருப்பவர் யாரையும் பார்த்துச் சிரிக்க மாட்டார் என்று நினைக்கிறேன், அவர் நம் பக்கமே வர மாட்டார். ஏணியில் எந்தப் படியில் நின்றாலும் கீழ்ப்படி மட்டுமே கண்ணுக்குத் தெரியும் என்பது இதில் விசேஷம்.

ஆனால் விலை ஏற ஏற ஒலி நன்றாகிறதா? 2017இல் யெரூன் பிரெபார்ட் என்ற ஆய்வாளர் 283 ஹெட்போன்களின் அளவுகளை எடுத்துவைத்து, எந்த அதிர்வெண்ணை எவ்வளவு கூட்டிக் குறைத்துப் பாடுகின்றன என்பதற்கும் விலைக்கும் தொடர்பு இருக்கிறதா என்று பார்த்தார். அமெரிக்க ஒலியியல் கழகத்தின் இதழில் வந்தது. தொடர்பு ஒன்றும் தென்படவில்லை. அதிர்வெண் மட்டுமே எல்லாம் இல்லை, உழைப்பு, சௌகரியம், பாகங்கள் கிடைப்பது என்று இன்னும் உண்டு. இருந்தாலும் காதுக்குப் படுவதில் பெரும்பங்கு அதுதான்.

ஹார்மன் கம்பெனியில் ஷான் ஆலிவ் என்பவரும் கூட்டாளிகளும் வேறு ஒரு வேலை செய்தார்கள். ஹெட்போன் பெயர் தெரியாமல் கேட்க வைத்தால் ஜனங்களுக்கு எது பிடிக்கிறது? இதில் ஒரு சிக்கல். ஸ்பீக்கரைத் திரைக்குப் பின்னால் மறைக்கலாம். தலையில் மாட்டுகிற பொருளை எப்படி மறைப்பது? எடையே காட்டிக் கொடுத்துவிடும். அதனால் ஒரே ஹெட்போனை மாட்டிவிட்டு, ஈக்வலைசர் மூலமாக வெவ்வேறு ஹெட்போன்களைப் போல அதைப் பாட வைத்தார்கள். கேட்டவர்களில் பெரும்பாலோர் கிட்டத்தட்ட ஒரே மாதிரியான ஒலியையே விரும்பினார்கள்: நல்ல அறையில் நல்ல ஸ்பீக்கர் பாடுவதைப் போல, கீழ்ச்சத்தம் கொஞ்சம் தூக்கலாக. இன்றைக்கு 2,000 ரூபாய்க்கு வரும் சீன ஐஇஎம்கள் பல அந்த ஒலியை ஒட்டியே செய்யப்படுகின்றன. காதுக்குள் செருகும் அந்தச் சின்னப் பொருள் பத்து வருஷத்துக்கு முன்னால் 15,000 ரூபாய்க்கு வாங்கினதைத் திணறடிக்கிறது. என்னைப் போன்ற பழைய ஆட்களுக்கு இது வயிற்றெரிச்சல், ஒத்துக்கொள்கிறேன்.

கடையில் நான் செய்த ஒரு விளையாட்டைச் சொல்கிறேன். எப்போதும் "ஜெர்மன் சவுண்டு ஜெர்மன் சவுண்டுதான்" என்று சொல்லும் வாடிக்கையாளர் ஒருவர். ஒரு நாள் இரண்டு ஐஇஎம்மை எடுத்து, எழுத்து தெரியாமல் கறுப்பு இன்சுலேஷன் டேப்பைச் சுற்றி, கண்ணை மூடச் சொல்லிக் கொடுத்தேன். ஒன்று அவருடைய ஐரோப்பியப் பிராண்டு, இன்னொன்று சீனாவில் பிறந்து 1,800 ரூபாய்க்கு வந்தது. சீனாவைக் காதில் வைத்துக்கொண்டு "பாத்தீங்களா, இதான் நம்ம ஆளு" என்றார். டேப்பைப் பிரித்ததும் முகம் போன போக்கைப் பார்த்து எனக்கே பாவமாகிவிட்டது. இதில் நான் ஒரு நேர்மை காத்தேன், அதையும் சொல்ல வேண்டும்: இரண்டின் சத்தத்தையும் மீட்டர் வைத்துச் சமப்படுத்தியிருந்தேன். ஒரு டெசிபல் கூடுதலாக வைத்தால் போதும், "சத்தம் கூட" என்று காது சொல்லாது, "இது தெளிவு" என்று சொல்லும். விற்கிறவர்களுக்கு இந்த இரகசியம் நன்றாகவே தெரியும்.

பிராண்டு என்று மார்தட்டுகிறோமே, அந்தப் பிராண்டு யாருடையது என்று பார்த்தால் இன்னும் சிரிப்பு வரும். சென்ஹைசரின் கடைச்சரக்குப் பிரிவு 2022இல் சோனோவா என்ற சுவிஸ் கம்பெனியின் கைக்குப் போனது. காதுகேளாதோருக்கான கருவி செய்கிறவர்கள். வியன்னாவில் 1947இல் தொடங்கிய ஏகேஜி கம்பெனி ஹார்மனிடம் போனது. ஹார்மன் 2017இல் சாம்சங்கிடம் போனது. சாம்சங் போனோடு டப்பாவில் சும்மா வந்த இயர்போனில் "ஏகேஜி" என்று எழுதியிருந்ததைப் பார்த்திருப்பீர்கள். பழைய ஏகேஜியைத் தங்கமாகப் பொத்தி வைத்திருந்த ஒரு நண்பர் அதைப் பார்த்துவிட்டு இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை.

இனி, வெளியே போட்டுக்கொண்டு போகிற கூச்சம். இதற்குக் கொஞ்சம் வரலாறு உண்டு. 1979 ஜூலையில் சோனி முதல் வாக்மேன் கேசட் கருவியை விட்டபோது, அதில் இரண்டு ஹெட்போன் செருகும் துளைகள் இருந்தன. தனியாகக் காதில் மாட்டிக்கொண்டு கேட்பது பக்கத்தில் இருப்பவரை அவமதிப்பது மாதிரி ஆகிவிடும் என்று சோனியின் தலைவர் அக்கியோ மொரிட்டாவுக்குக் கவலை. ஆரஞ்சு நிறப் பொத்தான் ஒன்றும் இருந்தது; அமுக்கினால் பாட்டு தாழும், கூட இருப்பவரிடம் பேசலாம். ஜனங்கள் அப்படிப் பங்கு போட்டுக்கொள்ளவில்லை, ஆளுக்கு ஒன்று வாங்கிக்கொண்டார்கள். பின்னால் வந்த மாடல்களில் அந்தப் பொத்தான் காணாமல் போனது. அந்தக் காலத்தில் ஹெட்போன் மெல்லிய கம்பியும் பஞ்சும்தான், யாரும் அதை அந்தஸ்தாகப் பார்க்கவில்லை. ஆப்பிளின் பாட்டுப் பெட்டியான ஐபாட் வந்து, கறுப்பு ஒயருக்குப் பதிலாக வெள்ளை ஒயர் விட்டதும் நிலைமை மாறியது. பாக்கெட்டில் இருப்பது என்னவென்று காதைப் பார்த்துச் சொல்லலாம். அப்புறம் 2008இல் பீட்ஸ் ஹெட்போன். காது மூடியில் பெரிய எழுத்து. 2012 லண்டன் ஒலிம்பிக்கில் நீச்சல் வீரர்கள் அதை மாட்டிக்கொண்டு குளத்தோரம் வந்து நின்றார்கள். 2014இல் ஆப்பிள் அதை 300 கோடி டாலருக்கு வாங்கியது. ஒலிக்காக அவ்வளவு கொடுத்தார்கள் என்று எந்த ஹெட்போன் பிரியரும் ஒத்துக்கொள்ள மாட்டார்.

இதை நினைக்கும்போது எனக்கு விலாசம்தான் ஞாபகம் வரும். நம் பக்கத்து நகரத்தார் செட்டியார் வீட்டுச் சாமான்களைப் பார்த்திருப்பீர்கள். பித்தளை அண்டாவாகட்டும், எவர்சில்வர் தூக்காகட்டும், விளிம்பில் அந்தக் குடும்பத்தின் தலைப்பெழுத்து வெட்டியிருக்கும், அதைத்தான் விலாசம் என்போம். அது வைத்திருப்பவரின் பெயர். செய்தவர் பெயர் எங்கும் இருக்காது. மைக் செட் போடப் போன கல்யாண வீடுகளில் சாமான் பரப்பியிருப்பதைப் பார்ப்பேன். வளவு முற்றம் முழுக்க வரிசை வரிசையாகப் பாத்திரம், அத்தனையிலும் வீட்டு விலாசம். அதுவும் காட்சிதான், யார் இல்லை என்றது? ஆனால் கம்பெனிக்காரன் விலாசத்தைக் காசு கொடுத்து வாங்கி நம் காதில் ஒட்டிக்கொண்டு அவனுக்காக ஊர்வலம் வருவது இந்தக் காலத்து வழக்கம்.

ஒரு கல்யாணத்தில் பெரியவர் ஒருவர் பரப்பியிருந்த வெண்கலப் பானையை விரல் கணுவால் தட்டிவிட்டு, காதைக் கிட்டே கொண்டுபோய்க் கேட்டார். "கணீர்" என்றது. அடுத்ததைத் தட்டினார், "பொத்" என்றது. ஒன்றும் சொல்லவில்லை, அந்தப் பானையை மட்டும் திருப்பி அடியைப் பார்த்தார். மயிரிழை விரிசல். எந்த விலாசத்தையும் அவர் படிக்கவில்லை. எனக்குத் தெரிந்து அவரைவிடப் பெரிய ஆடியோபைல், அதாவது ஒலிப் பித்தர், கிடையாது.

இதற்கு நேர் எதிரான கூட்டமும் காரைக்குடியில் உண்டு. முனீஸ்வரன் கோயில் தெருப் பழஞ்சாமான் கடைகளில் வால்வு ரேடியோ வாங்க வருகிறவர்கள். மர்பி, பிலிப்ஸ் என்று பெயரைப் பார்த்துத்தான் விலை. வாங்கினதை என்னிடம் கொண்டுவந்து, "பாடணும்னு அவசியமில்ல சார், உள்ள பல்பு எரிஞ்சா போதும்" என்பார்கள். எரிய வைத்துக் கொடுத்திருக்கிறேன். மனசு கேட்காமல் ஒன்றிரண்டைப் பாடவும் வைத்துக் கொடுத்தேன். அதற்கு அவர்கள் கூலி தரவில்லை, நானும் கேட்கவில்லை.

ஐயாவின் பேச்சுக்கு வருகிறேன். இந்தப் பக்கத்துப் பெரியவர்கள் செலவுக்கு எதிரி என்று யாராவது சொன்னால், கானாடுகாத்தானில் ஒரு தெரு நடந்து பார்க்கச் சொல்லுங்கள். பர்மாத் தேக்கு, இத்தாலிப் பளிங்கு, முட்டை கலந்து மெழுகின சுண்ணாம்புச் சுவர். ஆனால் அந்த வீட்டுக்காரரே சந்தைக்குப் போகும்போது கையில் மஞ்சள் பைதான் இருக்கும். எதை எங்கே காட்டலாம் என்பதில் அவர்களுக்கு ஒரு கணக்கு உண்டு. முகப்பு காட்டுவதற்கு, தெருவில் நடக்கும்போது அடக்கம். ஐயாவுக்கு உறுத்துவது விலை இல்லை, அது பஸ்ஸில் தலைக்கு மேல் உட்கார்ந்திருப்பது. அவரிடம் ஒரு தடவை மாட்டிவிடுங்கள். மோட்டார் ஓடும்போது மாட்டிவிட்டு, இரைச்சல் அடக்கும் பொத்தானை அமுக்குங்கள். அவருக்குப் பிடித்த பழைய பாட்டைச் சின்னச் சத்தத்தில் வையுங்கள். அதற்குப் பிறகும் பகட்டு என்றால் நான் என்ன செய்ய முடியும்.

பார்க்கிறார்கள் என்கிறீர்கள். பார்க்கட்டும். இப்போது காரைக்குடிக் கடைகளில் ஆப்பிள் ஏர்பாட்ஸ் மேக்ஸ் மாதிரியே இருக்கும் பர்ஸ்ட் காப்பி 1,500 ரூபாய்க்குள் கிடைக்கிறது. அசல் 2020இல் வந்தபோது கிட்டத்தட்ட 60,000 ரூபாய், 385 கிராம் கனம், கையில் வாங்கினால் தெரிந்துவிடும். மூன்று சீட்டுத் தள்ளி உட்கார்ந்திருப்பவருக்கு இரண்டும் ஒன்றுதான். உங்கள் தலையில் இருப்பது 30,000 ரூபாய் என்று அந்தப் பஸ்ஸில் தெரிந்த ஒரே ஆள் அநேகமாக நீங்கள்தான்.

கூச்சப்பட வேண்டிய இடம் ஒன்று உண்டென்றால், மனிதர்கள் பேசும்போது கழற்றாமல் இருப்பது. உங்கள் ஹெட்போனில் வெளிச் சத்தத்தை உள்ளே விடும் வசதி இருக்கிறது, காதில் வைத்தபடியே எதிராளி பேசுவது கேட்கும். ஆனால் உங்களுக்குக் கேட்கிறது என்பது அவருக்குத் தெரியாதே. கண்டக்டர் சில்லறை கேட்கும்போது, தெரிந்த ஆச்சி "எப்பப்பா வந்தே" என்று நிற்கும்போது, கழற்றிவிடுங்கள். கழற்றிக் கழுத்தில் போட்டுக்கொண்டு நாள் பூராவும் திரியவும் வேண்டாம். கழுத்தில் கனமாக ஒன்றைப் போட்டுக் காட்டுவதற்கு இந்த ஊரில் ஏற்கெனவே நகரத்தாரின் தங்கத் தாலியான கழுத்துரு இருக்கிறது, அதுவும் கல்யாணத்துக்கு மட்டும்தான். பஸ்ஸை விட்டு இறங்கினால் பையில் போடுங்கள். நூறடி ரோட்டை எஞ்சின் சத்தம் கேட்காத காதோடு கடப்பது முட்டாள்தனம். பைக்கில் போட்டுக்கொண்டு போகிறவர்களைப் பற்றி நான் எழுத ஆரம்பித்தால் வசவாகத்தான் வரும், விட்டுவிடுகிறேன்.

வெயில் ஒரு பிரச்சினை. சித்திரை, வைகாசியில் மதியம் அதை மாட்டினால் பத்து நிமிஷத்தில் காது வெந்துவிடும். வியர்வைதான் அந்தச் செயற்கைத் தோலுக்கு எமன். ஒன்றரை, இரண்டு வருஷத்தில் மெத்தை உரிந்து கறுப்புப் பொடுகு மாதிரி காதோரம் ஒட்டும். இறங்கினதும் உலர்ந்த துணியால் துடையுங்கள். உரிந்த மெத்தையோடு ஓட்டாதீர்கள், அடைப்புப் போனால் பாஸும் போகும், இரைச்சல் அடக்குவதும் பாதியாகும். மாற்று மெத்தை வாங்கி மாட்டிக்கொள்ளலாம். எக்ஸ்எம்5 மடங்காது, அதனால் அதன் பெட்டி இல்லாமல் டிபன் பாக்ஸோடு பைக்குள் திணிக்காதீர்கள்.

வீட்டுக்கு வாங்கச் சொன்ன ஒயருக்கு 500 போதாது, 2,000 வையுங்கள். மூன்டிராப், ட்ரூத்தியர், செவன்ஹெர்ட்ஸ் என்று சீனக் கம்பெனிகள் அந்த விலையில் நல்ல ஐஇஎம் செய்கிறார்கள். போனில் துளை இல்லையென்றால், ஒயரைப் போனோடு இணைக்க ஒரு சின்ன டாங்கிள். வெள்ளி ஒயர், தங்க முலாம் ஒயர் என்று யாராவது சொன்னால் கும்பிட்டுவிட்டு வந்துவிடுங்கள். ஐபோன் வைத்திருப்பவராக இருந்தால் உங்கள் சோனி டப்பாவில் எல்டிஏசி என்று எழுதியிருப்பதற்கும் பெருமைப்பட வேண்டாம், அது பாட்டை அனுப்பும் ஒரு புளூடூத் பாஷை, ஐபோன் அதைப் பேசாது. நஷ்டம் ஒன்றும் இல்லை. பக்கத்து ஊர் அரியக்குடி ராமானுஜ ஐயங்காரின் பழைய இசைத்தட்டுப் பதிவுகளைக் கேட்கிறேன், 78 சுழற்சித் தட்டு, ஒரு பக்கம் மூன்று நிமிஷம் சொச்சம், பின்னால் ஒரே கரகரப்பு. அதில் பதிவாகியிருப்பதை 2,000 ரூபாய் ஐஇஎம் முழுசாகக் கொண்டுவந்துவிடும். மேலே கொடுக்கிற காசுக்குக் கரகரப்புத்தான் இன்னும் துல்லியமாகக் கேட்கும்.

அந்த ஆபீஸ் நண்பரை ஒரு நாள் சாயங்காலம் கடைக்குக் கூட்டிக்கொண்டு வாருங்கள். எச்டி 600ஐயும் எடுத்து வைக்கிறேன், கறுப்பு டேப் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை மட்டும் வேண்டாம், கடை கிடையாது.